மாப்பிள்ளையின் இடுப்பும் மூன்று ஷிப்டுகளும்

நான் வாழும் மலேசியத் தைப்பிங் நகரில் பெரும்பாலான நாள்களில் பிற்பகல் மழை தவறுவதில்லை. அம்மழைக்குப் பழகிய முதிய உடம்பைத் தூக்கிக்கொண்டு சூன் மாத வெயிலில் நெய்வேலிக்குப் போவது அறிவுடைமை ஆகாது என்று என் மகன் எச்சரித்தான். ஆயினும் போகாதிருக்க இயலவில்லை. என் தங்கை வாசுகியின் கணவர் ஏழுமலை, அங்குள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டி அள்ளும் பெரும்பொறியை இயக்குபவர். அம்மாத இறுதி நாள் அவருக்குப் பணி நிறைவு. "மச்சான் வராம நான் ரிட்டயர் ஆவ மாட்டேன், ஆமா" என்று அவர் தொலைபேசியில் உரைத்த பிறகு மறுப்பதற்கு இடமேது?

என் பெட்டி மிகக் கனமானது. அதனுள் என் உடைகள் குறைவு. தைலப் புட்டிகளே மிகுதி. மலேசியாவிலிருந்து வருபவன் அந்தப் பச்சைத் தைலத்தைக் கொண்டுவரவில்லையென்றால் அவன் வந்ததாகவே தமிழகத்து உறவினர் கொள்வதில்லை. தெரு முழுமைக்கும் வேண்டும் என்று வாசுகி கேட்டிருந்தாள். தலைவலி, கால்வலி, இடுப்பு வலி அனைத்துக்கும் அது ஒன்றே மருந்து என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை.

பேருந்து நகரியத்துக்குள் செல்லும் என்று எண்ணியிருந்தேன். நெடுஞ்சாலையில், நுழைவு வளைவின் எதிரே நிறுத்தி, "ஆர்ச் கேட்லாம் எறங்குங்க! பெரியவரே, உள்ள போவாது, இங்கயே எறங்கிக்கங்க" என்றார் நடத்துநர். நல்வினைப் பயனாக ஏழுமலை அங்கே தம் இருசக்கர வண்டியோடு காத்திருந்தார். பேருந்தின் பின்புறப் பெட்டகத்தில் இருந்த என் சுமையை எடுக்க நான் கை நீட்டினேன்.

"வுடுங்க மச்சான். டன்னு கணக்குல மண்ணு அள்றவன் நானு. இந்தப் பொட்டிக்கு ரெண்டு பேரா?"

ஒரே இழுப்பில் பெட்டியை வெளியே கொணர்ந்தார். பெட்டி நிலத்தை அடைந்தது. ஆனால் மாப்பிள்ளை நிமிரவில்லை. என் முன்னே இடுப்பு வளைந்து, இரு கைகளும் பெட்டியின் மேல் ஊன்றியபடி, பெரியோரை வணங்கும் கோலத்தில் அசையாது நின்றார். பேருந்தில் இருந்த ஒரு மூதாட்டி அது மரியாதையென்றே கருதி, "நல்ல மருமவன்" என்று பாராட்டியது எனக்குக் கேட்டது.

"மாப்பிள்ளை, எழுந்திருங்கள்" என்றேன்.

"எங்க மச்சான் எழுந்திரிக்கறது? புடிச்சிகிச்சி."

ஆட்டோவில் அமர அவரால் முடியவில்லை. நிமிர்ந்து நிற்கவும் முடியவில்லை. அவ்வேளை பண்ணுருட்டிப் பக்கமிருந்து பலாப்பழம் ஏற்றிவந்த சிறு சுமையுந்து ஒன்று வளைவருகே நின்றது. அதனை இங்குள்ளோர் குட்டியானை என்கின்றனர். ஓட்டுநர் இறங்கி வந்து நிலைமையைக் கண்டார். "அண்ணே, பழத்துக்கு நடுவுல படுத்துகினு வாங்க. ஆடாது, அசையாது" என்றார். இருசக்கர வண்டியைத் தேநீர்க்கடையில் ஒப்படைத்துவிட்டு, பலாப்பழங்களுக்கிடையே மாப்பிள்ளையைக் கிடத்தினோம். அவர் தலையை என் மடியில் தாங்கியவாறு நான் அமர்ந்தேன். இருமருங்கும் நிழல் தரும் மரங்கள், ஒழுங்காக எண்ணிடப்பட்ட குடியிருப்பு வட்டங்கள், அகன்ற தூய சாலைகள், தொலைவில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அத்தகைய அழகிய நகரியத்தினுள் பலாமணம் கமழ நான் நுழைந்த விதம் இது.

நேரே மருத்துவமனைக்குச் சென்றோம். மருத்துவர் கேரளத்தைச் சேர்ந்த பெண்மணி, கண்டிப்பானவர். படம் எடுத்தார், காலைத் தூக்கச் சொன்னார், அழுத்திப் பார்த்தார். எலும்பில் குறையில்லை, தசைப்பிடிப்புத்தான் என்றார். சுமை தூக்கலாகாது, படுக்கையிலேயே கிடக்கவும் கூடாது, இளஞ்சூட்டு ஒத்தடம் நல்லது.

"டாக்டர், மாசக் கடைசிக்கு டியூட்டிக்குப் போயிடுவேன் இல்ல?" என்றார் ஏழுமலை.

"அதுக்கு முந்தின நாள் வாங்க. நிமிர்ந்து நடந்து காட்டணும். சேஃப்டி பூட்ஸ நீங்களே போட்டு, லேஸ நீங்களே கட்டணும். கட்டினா ஃபிட். கட்டலேன்னா லீவு. மெஷின்ல ஏற விடமாட்டேன்."

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் ஏழுமலை கண்களை மூடிக்கொண்டார். வலியினால் என்று நினைத்தேன். அதனால் அன்று.

"எங்க செக்ஷன்ல ஒரு வழக்கம் உண்டு மச்சான். ஒருத்தன் கடைசி ஷிப்டு முடிச்சி மெஷின வுட்டு எறங்கறப்போ, சுத்தி இருக்கற மெஷின் எல்லாம் ஒண்ணா ஹாரன் அடிக்கும். எத்தினி பேருக்கு நான் அடிச்சிருக்கேன்! எனக்கு அடிக்கறப்போ நான் கட்டில்ல படுத்துகினு இருந்தா, யாருக்கு மச்சான் அடிப்பாங்க?"

கூடத்தின் மூலையில் நின்ற என் பெட்டியை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.

மறுநாள் காலையிலேயே தெரு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. தைப்பிங்கில் அண்டை வீட்டார் நோயுற்றால் நாங்கள் ஆரஞ்சுப் பழம் கொண்டு செல்வோம். கால்மணி நேரம் அமர்ந்திருந்து விடைபெறுவோம். இங்கே ஒவ்வொருவரும் மூடிய பாத்திரத்தோடு வருகின்றனர். அது காலியாவதைக் காணாமல் போவதில்லை. எல்லா மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்தோர் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் தெரு அது. ஆகையால் இடுப்பு வலிக்குத் தமிழகம் எவ்வெவற்றைப் பருகுகிறது என்பதை அறிய நான் அத்தெருவைக் கடக்கவே தேவையில்லாமற் போயிற்று.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு ஜெபமணி அம்மையார். நாசரேத்துக்காரர். கறுப்புத் தோல் நீக்காத உளுந்தை வறுத்து அரைத்துக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் பூண்டும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி அவர் கையில். "இது இடுப்புக்குள்ள இரும்பு வச்ச மாதிரி அண்ணாச்சி. எங்க ஊர்ல பிள்ள பெத்தவளுக்கே இதத்தான் குடுப்போம். நீங்க ஒரு பொட்டியத்தான தூக்குனீங்க?"

அவர் சென்ற சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டுச் சரஸ்வதி வந்தார். ஈரோட்டுப் பக்கத்தவர். கொள்ளு வேகவைத்த நீரில் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்ட ரசம். "ஏனுங்கண்ணா, உளுந்தெல்லாம் வாயுங்க. கொள்ளுத்தானுங்க பிடிச்சதை எளக்கும். குதிரையே இதத் தின்னுட்டுத்தான ஓடுதுங்க? சூட்டோட குடிச்சுப் போடுங்க."

பிறகு ஏழுமலையோடு பணியாற்றும் கொளஞ்சி வந்தார். சுற்றுப்புறத்துச் சிற்றூரில் வேளாண்குடியில் பிறந்தவர். தூக்குப் பாத்திரத்தில் முடக்கறுத்தான் கீரை ரசம். "எங்க வூட்ல குடுத்து வுட்டுது. இத குடிச்சா கை கால் முடங்கனவனே எழுந்து ஓடுவான்."

ஏழுமலை இளகிய மனத்தினர். ஒருவர் கொணர்ந்ததை மறுத்து மற்றவர் கொணர்ந்ததை ஏற்றால் மாவட்டங்களுக்கிடையே பகை மூளும் என்று அஞ்சினார். கஞ்சி, ரசம், மீண்டும் ரசம், இடையில் பின் தெருவிலிருந்து வந்த சுக்கு மல்லி நீர், வெந்தயக் களி என அனைத்தையும் அன்றே உட்கொண்டார். அவருடைய வயிறு அன்று மாலை தன் கருத்தைத் தெரிவித்தது. இடுப்பு வலி உடையவன் கழிப்பறைக்கு விரைந்தோடும் காட்சியைக் காண்பது எவருக்கும் துன்பம். ஒரு கையால் இடுப்பையும் மறு கையால் சுவரையும் பற்றிக்கொண்டு, "வாசுகி, கதவத் தொற, கதவத் தொற" என்று அவர் போவதும், "எழுந்து ஓடுவாருன்னு நான் சொன்னனா இல்லியா?" என்று கொளஞ்சி மகிழ்வதுமாக அம்மாலை கழிந்தது.

அடுத்த நாள் காலை, பாத்திரங்கள் மறுபடியும் வாயிலில் கூடியபோது வாசுகி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். தைப்பிங்கில் எங்களோடு வளர்ந்தபோது எனக்கு எதிராக ஒரு சொல் பேசியறியாத என் தங்கை அவள்.

"இது வூடா, கேண்டீனா? மைன்ஸ்ல ஒரு மெஷின்ல மூணு ஆபரேட்டர் ஒண்ணா ஏறுவீங்களா? இன்னையிலேருந்து ஷிப்டு. யாரு ஷிப்டுல யாரும் கை வைக்கக் கூடாது."

அத்தெருவில் அச்சொல்லுக்கு இருக்கும் ஆற்றல் வியப்புக்குரியது. எவரும் மறுத்துப் பேசவில்லை. காலை முதல் ஷிப்டு ஜெபமணியின் உளுந்தங்கஞ்சிக்கு. நண்பகலில் இரண்டாம் ஷிப்டு சரஸ்வதியின் கொள்ளு ரசத்துக்கு. நைட் ஷிப்டு கொளஞ்சிக்கு. ஆனால் குடிப்பதற்கன்று, நொச்சி ஒத்தடத்துக்கு. அதுவும் விளக்கேற்றும் வேளையிலேயே தொடங்கி முடிந்துவிட வேண்டும். முடக்கறுத்தான் இராச்சோற்றில் மட்டும். சுக்கு மல்லியும் வெந்தயமும் ரிசர்வ்.

"அப்ப உங்க அண்ணனுக்கு?" என்றார் ஜெபமணி குறும்பாக. "மலேசியாவுலேருந்து சும்மா தைலத்த மட்டும் கொண்டாந்துட்டு உக்காந்திருந்தா எப்படி?"

"அண்ணனுக்கு ஜெனரல் ஷிப்டு. பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குப் போயிடலாம்" என்றாள் வாசுகி. தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். எனினும் அப்பணியை விளையாட்டாகக் கொள்ள நான் உடன்படவில்லை.

எங்கள் நாட்டில் இஞ்சியை நசுக்கி, எலுமிச்சைப்புல்லின் வெண்தண்டைத் தட்டிப் போட்டு, தென்னஞ்சர்க்கரை சேர்த்துக் கொதிக்க வைத்துப் பருகுவது உண்டு. நாள்பட்ட உடல்நோவுக்கு இதமானது. வாழ்நாளில் அடுப்பின் அருகே நின்றறியாத நான், வாசுகியின் அடுக்களையில் நின்று அதனைக் காய்ச்சினேன். எலுமிச்சைப்புல் அடுத்த தெருவில் ஒருவர் தோட்டத்தில் கிடைத்தது. தென்னஞ்சர்க்கரைக்கு ஈடாக வெல்லம். முதல் நாள் கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது. "அண்ணே, தண்ணி வெக்கறதுக்கே டிரெய்னிங் வேணும்போல" என்றாள் என் தங்கை. மறுநாள் மாப்பிள்ளை ஒரு குவளையை முழுதும் பருகி, "நல்லாருக்கு மச்சான். வயித்துல மெதுவா எறங்குது" என்றார். எங்கள் ஊர்த் தமிழ் விழா மேடைகள் பலவற்றில் மாலை பெற்றிருக்கிறேன். அத்தகைய நிறைவு எந்த மாலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சுரங்கத்தின் ஒழுங்குமுறைகளை அத்தெரு அப்படியே கடைப்பிடித்தது. அடுத்த ஷிப்டுக்கு உரியவர் வந்து பொறுப்பேற்கும்வரை முன்னவர் இடத்தைவிட்டு நகரலாகாது. ஜெபமணி கஞ்சி கொடுத்து முடித்தும் எழாமல் அமர்ந்திருந்தார். "ரிலீவர் வரல, நான் எப்படிப் போவேன்? வீட்டுல மீன் வேற கழுவாமக் கிடக்கு" என்று வாயிலைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். சரஸ்வதி வந்ததும், "இன்னிக்கு எத்தனை அடி நடந்தாருங்க? மூஞ்சி எப்படி இருக்குதுங்க?" என்று விசாரித்தே பொறுப்பை ஏற்பார். ஒரு நாள் சரஸ்வதி இரண்டாவது குவளை ரசமும் கொடுத்துவிட்டார். "அது இன்னாம்மா ரெண்டாவது?" என்று ஏழுமலை கேட்க, "ஓ.டி.ங்கண்ணா" என்றார்.

நொச்சி இலைக்காகக் கொளஞ்சியின் இருசக்கர வண்டியில் நானும் ஒரு மாலை சென்றேன். நகரியத்தின் எல்லைக்கு அப்பால் முந்திரித் தோப்பை ஒட்டி நொச்சி வேலியாய் வளர்ந்திருந்தது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் நான் மேலெழுந்து கீழே விழுந்தேன். "ஐயா, கெட்டியாப் புடிச்சிக்கங்க. உங்களுக்கும் இடுப்பு போயிட்டா எங்கிட்ட இன்னொரு ஷிப்டு இல்ல" என்றார். வீட்டில் இலைகளை விளக்கெண்ணெயில் வதக்கி, கல்லுப்போடு துணியில் முடிந்து, தம் கன்னத்தில் வைத்துச் சூட்டை அளந்த பின்னரே நண்பரின் இடுப்பில் வைத்தார். கரிய உரம்பாய்ந்த கைகள். ஆனால் அத்துணை மென்மை.

நாளுக்கு நாள் ஏழுமலையின் கை கீழிறங்கியது. முதலில் முழங்காலைத் தொட்டார். பின்னர்க் கெண்டைக்காலை. தெருவினர் வேலியில் நின்று பார்த்து, கைதட்டி ஊக்குவித்தனர். கணுக்காலைத் தொட்ட அன்று சரஸ்வதி இனிப்பு வழங்கினார்.

ஆயினும் கணுக்காலைத் தொடுவது வேறு. பூட்ஸின் கயிற்றைக் கட்டுவது வேறு. மருத்துவரைக் காணச் செல்ல வேண்டிய காலையில், பாதுகாப்புக் காலணியை அணிந்து குனிந்தார். விரல்கள் கயிற்றை எட்டின; முடிச்சிடும் அளவு அங்கேயே நிற்க இடுப்பு ஒப்பவில்லை. "ஆ" என்று நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார், மறுபடி நிமிர்ந்தார். முகம் வியர்த்தது.

"லேஸ முன்னாடியே கட்டி வெச்சி, கால உள்ள நுழைச்சிக்கலாம்" என்றாள் வாசுகி.

"ஏமாத்திட்டு மெஷின்ல ஏறுவேனா? மேல ஏறி அங்க புடிச்சிகிச்சின்னா? நான் மட்டுமா அங்க இருக்கேன்?" என்று சினந்தார். பிறகு கட்டிலில் அமர்ந்து, சன்னமாக, "போதும் வாசு. லீவே எழுதிக்கட்டும்" என்றார்.

கூடத்தில் எல்லா ஷிப்டினரும் இருந்தோம். ஜெபமணி கஞ்சிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

கொளஞ்சி கட்டிலருகே வந்தார். "ஏன்டா ஏழுமல, மெஷினுக்கு அடியில கிரீஸ் அடிக்கறப்ப எப்படி குனிவ?"

"குனிய எங்க எடம் இருக்கு அங்க? ஒரு முட்டிய கீழ போட்டுகினு..." சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு காலை முன்னே மடித்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு மெல்ல இறங்கினார். காலணி அவர் கைக்குத் தானே வந்தது. முடிச்சு விழுந்தது. கால் மாற்றினார், மறு முடிச்சும் விழுந்தது. சில நாள்களுக்கு முன் அவரால் தரையில் முழங்காலை ஊன்றவே முடிந்திராது. வாசுகி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மருத்துவமனையில் அவர் நிமிர்ந்து நடந்தார். பிறகு மருத்துவரின் முன்னே ஒரு முழங்காலை ஊன்றிக் கயிறுகளைக் கட்டினார். மருத்துவர் புருவத்தை உயர்த்தினார். "நான் குனியச் சொன்னேன். நீங்க மண்டி போடறீங்க?"

"மெஷின்ல இப்படித்தாம்மா குனிவோம். நின்ன வாக்குல குனியறதுக்கு அங்க எடம் கெடையாது."

மருத்துவர் அவரை நேராகவும் குனியச் செய்து பார்த்தார். விரல்கள் கணுக்காலைத் தொட்டு வலியின்றி மீண்டன. காலைத் தூக்கச் சொன்னார், அழுத்தினார், படியேறி இறங்கச் சொன்னார். பின்னர் அருகிருந்த செவிலியரிடம் தம் மலையாளத்தில் ஏதோ கூறினார். அதனை எனக்குத் தெரிந்த அளவில் தமிழாக்குகிறேன்: "முதுகை வளைக்காமல் முழங்காலை மடியுங்கள் என்று இங்கே வருகிற எல்லாரிடமும் தொண்டை வறளச் சொல்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை. இவர் சொல்லாமலே செய்கிறார்." அதன் பின் எங்கள் பக்கம் திரும்பி, ஒரே சொல்லில், "ஃபிட்" என்றார்.

வெளியே வந்ததும், உடன் வந்திருந்த கொளஞ்சி போட்ட கூச்சலைக் கேட்டுக் காவலர் ஓடி வந்தார்.

இறுதி நாள் விடியற்காலையில் ஏழுமலை நிறுவனப் பேருந்தில் முதல் ஷிப்டுக்குச் சென்றார். சுரங்கத்துக்குள் எனக்கு நுழைவு இல்லை. அங்கு நிகழ்ந்ததைக் கொளஞ்சியின் வாயால் கேட்டே நான் அறிந்தேன்: "ஷிப்டு முடிஞ்சி ஏணியில எறங்கறான் ஐயா. ஒரு படி, ரெண்டு படி. கைப்புடியக்கூட லேசாத்தான் புடிச்சிகினு எறங்கறான். கால் மண்ணுல பட்ட ஒடனே அடிச்சாங்க பாருங்க ஹாரனு! அந்தாண்ட இருக்கற மைன்ஸ் வரைக்கும் கேட்டிருக்கும். இவன் அண்ணாந்து பாத்துகினு நிக்கறான். கண்ணத் தொடைக்கத் துணிகூட இல்லாம."

பிற்பகலில் மாலைகளும் மேளமுமாக நண்பர்கள் அவரைத் தெருமுனையில் கொணர்ந்து இறக்கினர். அங்கிருந்து வீடுவரை நடந்தே வந்தார். வாசுகி ஆலம் சுற்றினாள். சாமியானாவின் கீழ் இலை போட்டு விருந்து நடந்தது. பாயசம் பரிமாறும்போது ஜெபமணி அம்மையார் தெருவே கேட்கும்படி வினவினார்: "அண்ணாச்சி, ஆண்டவர் சத்தியமாச் சொல்லுங்க. எதுல சரியாச்சு? கஞ்சியிலயா, கொள்ளுலயா?"

"நொச்சிய வுட்டுட்டீங்க" என்றார் கொளஞ்சி.

"இஞ்சிக் குடிநீர்" என்று நானும் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

அத்தனை கண்களும் ஏழுமலையை நோக்கின. சரஸ்வதி பாயசக் கரண்டியை அந்தரத்திலேயே நிறுத்தினார். ஏழுமலை இலையை மடித்தார், எழுந்தார், எவர் தோளையும் பற்றாமல் எழுந்தார்.

"எந்த ஷிப்டு வெட்டுன கரியில லைட்டு எரியுதுன்னு எவனாவது கேட்டிருக்கானா? மூணு ஷிப்டும் வெட்டுனாத்தான் எரியும். ஜெனரல் ஷிப்டும் சேத்துத்தான் மச்சான்."

கைதட்டல் எழுந்தது. மேளக்காரர்கள் அதனைத் தமக்கிட்ட கட்டளையாகக் கொண்டு அடிக்கத் தொடங்கினர். கையையும் கழுவாமல் மாப்பிள்ளை தெருவின் நடுவே இறங்கினார். மாலை மார்பில் புரள, ஒரு முழங்காலை மடித்து, இடுப்பை வளைத்து, நிமிர்ந்து, மறுபடி வளைத்து ஆடினார். "இடுப்பு! ஏங்க, இடுப்பு!" என்று வாசுகி கத்தினாள். "அதத்தான் ஆட்றேன்" என்று அவர் ஆடிக்கொண்டே கத்தினார்.